1875-இல் மான்செஸ்டர் கடையை மகன்களிடம் ஒப்படைப்பது எப்படி?

கேள்வி: 1875 மான்செஸ்டரில் நடக்கும் நாவல் எழுதுகிறேன். இரும்புச் சாமான் கடைக்காரர், மனைவி, இரண்டு மகன்கள், 1872-இல் மணமான மகள். கடையை எப்படிக் கைமாற்றியிருப்பார்?

பதில்: முதலில் கடைக் கட்டடம் சொந்தமா, குத்தகையா என்று முடிவு செய்யுங்கள். உயில் எழுதாமல் அவர் இறந்தால் சொந்தக் கட்டடம் முழுக்க மூத்த மகனுக்கு. சரக்கிலும் ரொக்கத்திலும் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக. ஆண்டுக் கணக்கில் எடுத்த குத்தகை என்றால் சட்டம் அதை அசையும் சொத்தாகவே பார்க்கும். அதுவும் சரக்கோடு சேர்ந்து பிரியும்.

விவரமான வியாபாரி இதற்கெல்லாம் இடம் வைக்க மாட்டார். 21 வயது நிரம்பியதும் மகன்களைப் பங்குதாரர்களாக்கிப் பத்திரம் எழுதிவிடுவார். பர்மிங்ஹாமில் சாக்லேட் வியாபாரி ஜான் கேட்பரி 1861-இல் தொழிலை மகன்களிடம் விட்டபோது இளையவர் ஜார்ஜுக்கு வயது 21தான்.

பத்திரத்தில் ஒரு வாசகம் கட்டாயம் வேண்டும். பங்குதாரர் ஒருவர் இறந்தால் கூட்டு தானாகவே கலைந்துவிடும் என்பதே அன்றைய சட்டம். ஆகவே, "மற்றவர்கள் தொழிலைத் தொடரலாம், இறந்தவர் பங்கைக் கடைசி ஐந்தொகைப்படி (சொத்தும் கடனும் காட்டும் கணக்கு அறிக்கை) கணக்கிட்டு, 5 சதவீத வட்டியோடு தவணையில் கொடுக்கலாம்" என்று எழுத வேண்டும். தவணை இல்லையென்றால் அப்பா போட்ட முதலீட்டை மகன்கள் ஒரே மூச்சில் புரட்ட வேண்டும். ஆணியும் கீலும் ஏலத்துக்குப் போகும். ஆண்டுதோறும் சரக்கை எண்ணி, ஐந்தொகையில் எல்லோரும் கையெழுத்திடுவதும் அவசியம். இதில் அசட்டையாக இருந்த குடும்பங்கள்தான் சொத்து, கூட்டு வழக்குகளை விசாரித்த சான்சரி நீதிமன்றப் படியேறின.

அப்பா உயிரோடிருக்கும்போதே விலகினால் லண்டன் கெஜட் என்ற அரசிதழில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது மட்டும் போதாது. ஏற்கெனவே கடனுக்குச் சரக்கு தரும் ஷெஃபீல்டு, பர்மிங்ஹாம் வியாபாரிகளுக்குத் தனித்தனியே கடிதம் போக வேண்டும். இல்லாவிட்டால் மகன்கள் பின்னால் வாங்கும் கடனும் அவர் தலையில் விழும். கூட்டுத் தொழிலில் கடன் பொறுப்புக்கு வரம்பே கிடையாது. பொறுப்புக்கு வரம்புள்ள கம்பெனி தொடங்க அன்று 7 உறுப்பினர் தேவை. இந்தக் குடும்பத்தில் அத்தனை பேர் இல்லை.

விதவைக்கு லாபத்திலிருந்து ஆண்டுத்தொகை ஒதுக்கலாம். அதை வாங்குவதாலேயே அவர் கடைக் கடனுக்குப் பொறுப்பாக மாட்டார் என்று 1865-இன் கூட்டுத் தொழில் சட்டம் காப்பாற்றியது.

மகள் விஷயம்தான் நுட்பமானது. மணமான பெண்களின் சொத்து பற்றிய 1870 சட்டப்படி, உயில் மூலம் வரும் தொகை 200 பவுண்டுக்கு மிகாவிட்டால் அது மகளுடையது, தாண்டினால் கணவருடையதாகிவிடும். ஆகவே அப்பா அவர் பங்கை அறங்காவலர்கள் (அவருக்காகச் சொத்தை வைத்து நிர்வகிப்பவர்கள்) பெயரில், "அவருடைய தனி உபயோகத்துக்கு" என்று எழுதி வைப்பார். அந்தச் சொற்கள் விடுபட்டால், மருமகனின் கடன்காரர்கள் அந்தப் பணத்துக்கு வந்து நிற்பார்கள்.