சத்தம் இல்லாத படத்தை எதற்குப் பார்ப்பது?

அன்புள்ள சார்,

நான் தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். போன மாதம் ‘செல்லுலாயிட்’ மலையாளப் படம் பார்த்தேன். மலையாளத்தின் முதல் படத்தை எடுத்த ஜே.சி. டேனியல் நம்ம அகஸ்தீஸ்வரத்துக்காரர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இத்தனை வருஷமாக அந்தப் பக்கமாகத்தான் கன்னியாகுமரிக்குப் போய்வருகிறேன், ஒருத்தரும் சொன்னதில்லை. சரி, அவர் காலத்து மௌனப் படங்கள், அதிலும் குடும்பக் கதையாக உள்ளவை பார்க்கலாம் என்று போனில் தேடி ஒன்றைப் போட்டேன். ஆட்கள் எல்லாம் விறுவிறு என்று ஓடுகிறார்கள், கண்ணை உருட்டுகிறார்கள், கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு பியானோ ஓடிக்கொண்டே இருக்கிறது. பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டேன். “பேசாத படத்த இப்போ எதுக்குப் பாக்கணும்?” என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். இவை உண்மையிலேயே நல்ல படங்களா, பழசு என்பதற்காகப் புகழ்கிறார்களா? பார்க்கலாம் என்றால் எதில் தொடங்குவது? பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட ஏதாவது உண்டா?

ஒரு வாசகி, தக்கலை

*

அன்புள்ள டீச்சர்,

உங்கள் வீட்டுக்காரர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. பழசு என்பதற்காக மட்டும் புகழப்படும் மௌனப் படங்கள் ஏராளம், அவற்றை ஆராய்ச்சி செய்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நீங்களும் நானும் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பத்துப் பதினைந்து படமாவது, எந்தக் காலத்துப் படம் என்கிற நினைப்பே வராமல் நம்மை உட்கார்த்தி வைப்பவை உண்டு.

முதலில் அந்த ஓட்டத்தைச் சரிசெய்வோம். அந்தக் காலத்து ஆட்கள் அப்படி ஓடவில்லை. கேமராவைக் கையால் சுற்றிப் படமெடுத்தார்கள், நொடிக்கு 16, 18, 20 சட்டகம் (ஃபிரேம்) என்று ஆளுக்கொரு வேகம், வருஷத்துக்கொரு வேகம். பேசும் படம் வந்த பிறகு அது 24 என்று நிலைத்தது. பழைய படத்தை 24இல் ஓட்டினால் மரண வீட்டில்கூட ஆட்கள் குதித்துக்கொண்டுதான் நடப்பார்கள். இந்தப் படங்களில் பலவற்றுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் ஏதோ ஒரு தேய்ந்த பிரதியை, ஏதோ ஒரு வேகத்தில், கையில் கிடைத்த பியானோவை ஒட்டி யூடியூபில் ஏற்றிவிடுகிறார்கள். நீங்கள் பார்த்தது அப்படி ஒன்றாகத்தான் இருக்கும். புதுப்பிக்கப்பட்ட பிரதியாகத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் யூடியூபிலேயே வேகத்தை 0.75 என்று குறைத்துவிட்டுச் சத்தத்தை நிறுத்திவிடுங்கள். 24இல் முக்கால் 18, கணக்குச் சரியாக வரும். அப்புறம், போனில் வேண்டாம். இந்தப் படங்களில் கதை நடப்பது முகத்திலும் விரலிலும். அதைப் பார்க்கக் கொஞ்சம் பெரிய திரை வேண்டும், குறைந்தது வீட்டு டி.வி.யாவது.

தூக்கம் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் படத்தைக் காதால் பார்த்துப் பழகியவர்கள். சீரியல் ஓடும்போது அடுக்களையில் மரச்சீனி நறுக்கிக்கொண்டே கதையை விடாமல் பிடித்துவிடலாம், ஏனென்றால் எல்லாவற்றையும் யாராவது சொல்லிவிடுவார்கள். இங்கே கண்ணை எடுத்தால் கதை போய்விடும். இது நமக்குப் புதிதும் அல்ல. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவில் ராத்திரி முழுக்கக் கதகளி பார்த்து உட்கார்ந்திருந்த ஊர்தான் இது. ஆடுகிறவர் ஒரு வார்த்தை பேசமாட்டார், பாட்டும் மேளமும் பின்னால் நிற்பவர்களுடையது, அவருடைய புருவம் எங்கே போகிறதோ அங்கே கூட்டமும் போகும். கண்ணை உருட்டுவது உங்களுக்கு அங்கே சிரிப்பை வரவழைக்காதே. அதே பொறுமையோடு இங்கேயும் உட்காருங்கள், அரைமணி நேரத்தில் பிடிபட்டுவிடும். தவிர, 1920களின் கடைசியில் வந்த நல்ல படங்களில் கண்ணை உருட்டுகிறவர்களே குறைவு.

எதில் தொடங்குவது? எல்லாரும் சாப்ளினைச் சொல்வார்கள். ‘சிட்டி லைட்ஸ்’ நீங்கள் எப்படியும் பார்த்துவிடுவீர்கள், அதற்கு நான் வேண்டாம். நான் சொல்வது கிங் விடோர் எடுத்த ‘தி கிரவுட்’, 1928. நியூயார்க்கில் ஒரு சாதாரண குமாஸ்தா, தான் பெரிய ஆளாக வரப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே வாழ்கிறவன். கல்யாணம், குளியலறைக் கதவு சரியாக மூடாத சின்ன வீடு, மாமியார் வீட்டுக்காரர்களின் இளக்காரம், இரண்டு பிள்ளைகள். ஒரு விளம்பர வாசகப் போட்டியில் பரிசு விழுகிறது. வாங்கிவந்த பொம்மைகளை ஜன்னல் வழியாகக் காட்டித் தெருவில் விளையாடும் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். பிள்ளைகள் சந்தோஷத்தில் ஓடி வருகிறார்கள், குறுக்கே லாரி.

அடுத்து வருவதைத்தான் கவனிக்க வேண்டும். சின்னப் பெண் கட்டிலில் கிடக்கிறாள். வெளியே நகரம் வழக்கம்போல இரைகிறது. தகப்பன் தெருவில் இறங்கி, கையை விரித்து, உதட்டில் விரல் வைத்து, போகிற வருகிற கூட்டத்தை எல்லாம் சத்தம் போடாதீர்கள், பிள்ளை உறங்கவேண்டும் என்று கெஞ்சுகிறான். படத்தில்தான் சத்தமே இல்லையே! ஆனால் அந்த இரைச்சல் நமக்குக் கேட்கிறது, அவனுக்கு எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவும். ஒலிப்பதிவோடு எடுத்திருந்தால் நான்கு ஹாரன், கொஞ்சம் வயலின், முடிந்தது. உங்கள் வீட்டுக்காரரை இந்த இடத்தில் மட்டும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

அடுத்தது நீங்கள் டீச்சர் என்பதற்காகவே சொல்வது: ‘தி காடஸ்’, 1934, ஷாங்காய், இயக்கியவர் வூ யோங்காங். அங்கே 30களின் நடுவரைக்கும் பேசாத படங்கள் வந்துகொண்டிருந்தன. ஒரு தாய், பெயர்கூடக் கிடையாது, ராத்திரி தெருவில் நின்று சம்பாதித்து ஒரே மகனை வளர்க்கிறாள். போலீசுக்குப் பயந்து ஓடி நுழைந்த வீட்டில் ஒரு ரவுடி, அன்றிலிருந்து அவளுக்கு அவன்தான் முதலாளி. ஒரு காட்சியில் கேமரா அவனுடைய கால்களுக்குப் பின்னால் நிற்கிறது. அகட்டி வைத்த அந்த இரண்டு காலுக்கும் இடையே, தூரத்தில், பிள்ளையை அணைத்துக்கொண்டு அவள். ‘இனி இவளுக்குப் போக்கிடம் இல்லை’ என்று யாரும் எழுதிக் காட்டவில்லை.

அவள் சுவரில் ஒரு செங்கல்லை உருவி, பின்னால் காசு சேர்த்துவைத்து மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறாள். பள்ளி விழாவில் பையன் மேடையேறிப் பாடுகிறான், அவள் முகம் மலர்கிறது, பக்கத்து இருக்கைகளில் மற்றத் தாய்மார்கள் ஒருவர் காதை ஒருவர் கடிக்கிறார்கள். பிறகு பெற்றோர்களிடமிருந்து புகார்க் கடிதங்கள். தலைமையாசிரியர் விசாரிக்க அவள் வீட்டுக்கே போகிறார். ‘நான் எப்படிப்பட்டவளாக இருந்தால் என்ன, என் பிள்ளை படிக்கக்கூடாதா’ என்று அவள் கேட்டு அழும்போது அந்த மனிதரின் முகம் மாறுவதைப் பாருங்கள். திரும்பிவந்து நிர்வாகக் குழுவில் அவளுக்காக வாதாடுகிறார், தோற்கிறார், வேலையை விட்டுவிடுகிறார். பெற்றோர் கூட்டங்களில் உட்கார்ந்து பழகிய உங்களுக்கு அந்தக் குழுவின் முகங்கள் எல்லாமே ஏற்கெனவே பழக்கமானவையாக இருக்கும். தாயாக நடித்தவர் ருவான் லிங்யூ. மறுவருஷமே, 24 வயதில், தற்கொலை செய்துகொண்டார். இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பதைவிடத் தெரியாமல் பார்ப்பது நல்லது, ஆனால் நான்தான் சொல்லித் தொலைத்துவிட்டேனே.

மூன்றாவதாக ஜெர்மன் இயக்குநர் முர்னோவின் இரண்டு படங்கள். ‘தி லாஸ்ட் லாஃப்’, 1924: பெரிய ஹோட்டல் வாசலில் தங்கப் பித்தானும் நீளக் கோட்டுமாக நிற்கும் ஒரு வயதான காவலாளி. வயசாகிவிட்டது என்று கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு கழிப்பறையில் துவாலை எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் கல்யாணம், தெருவில் இத்தனை நாள் சல்யூட் வாங்கிய கௌரவம், அதற்காக அந்தக் கோட்டைத் திருடிப் போட்டுக்கொண்டு போகிறார். காக்கிச் சட்டைக்கும் அதற்குள் இருக்கிற ஆளுக்கும் என்ன வித்தியாசம் என்று ரிட்டயர் ஆன எந்த வீட்டுப் பெரியவரும் சொல்வார். பேச்சை எழுத்தில் காட்டும் வசன அட்டைகளே இந்தப் படத்தில் கிடையாது. கதையை நடுவில் நிறுத்தி ஒரே ஒரு விளக்க அட்டை மட்டும் வரும், அது என்னவென்று சொல்லமாட்டேன். இன்னொன்று ‘சன்ரைஸ்’, 1927. பட்டணத்துக்காரி ஒருத்தியின் பேச்சைக் கேட்டுக் கிராமத்தான் ஒருவன் மனைவியைப் படகில் கூட்டிக்கொண்டு போய் மூழ்கடிக்கப் பார்க்கிறான், கை வரவில்லை. அவள் கரையேறி ஓடி ஒரு டிராமில் ஏறிக்கொள்கிறாள், இவனும் பின்னாலேயே ஏறுகிறான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் நிற்கிறார்கள், ஜன்னலில் காடு போய் மெல்ல நகரம் வருகிறது. புருஷன் பெண்டாட்டிச் சண்டை சினிமாவில் எவ்வளவோ வந்துவிட்டது, இந்த டிராமுக்குப் பக்கத்தில் வர எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை.

டென்மார்க் இயக்குநர் டிரேயரின் ‘தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்’ (1928) எல்லாப் பட்டியலிலும் முதலில் இருக்கும். பெரிய படம்தான், ஃபால்கனெட்டியின் மேக்கப் இல்லாத அந்த முகத்தை மறக்கவே முடியாது. ஆனால் தொடங்குகிறவர்கள் அதில் தொடங்கக்கூடாது என்பது என் கட்சி. அது ஆளை உலுக்கிவிடும், கொஞ்சம் பழகிவிட்டுப் போங்கள். அதன் மூல நெகடிவ் தீயில் போய், படமே ஒழிந்தது என்று இருந்தபோது, 1981இல் நார்வேயில் ஒரு மனநல மருத்துவமனை அலமாரியிலிருந்து ஒரு பிரதி கிடைத்தது.

இப்படிக் கிடைத்தவை கொஞ்சம், போனவைதான் மிச்சமெல்லாம். அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் லேசில் தீப்பிடிக்கும், சும்மா வைத்தாலும் சிதைந்து பொடியாகும், அதிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கியவர்களும் உண்டு. இந்தியாவில் 1,300க்கு மேல் மௌனப் படங்கள் எடுத்தார்கள், முழுதும் அரையுமாக எஞ்சியவை 30 தேறாது. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இல்லை. ராஜா சாண்டோ சமூகக் கதைகளாக எடுத்த ‘பேயும் பெண்ணும்’, ‘அநாதைப் பெண்’ இல்லை. நாம் பார்க்க முடிகிறவற்றில் ‘எ த்ரோ ஆஃப் டைஸ்’ (1929) நல்ல படம், ஹிமான்சு ராய் தயாரித்து ஃபிரான்ஸ் ஆஸ்டன் என்ற ஜெர்மானியர் இயக்கியது. மகாபாரதச் சூதாட்டத்தின் சாயலில் இரண்டு ராஜாக்கள், ஒரு பெண். கதை சுமார், காட்சிகள் பிரமாதம்.

டேனியலின் ‘விகதகுமாரன்’ 1928இல் வந்ததா 1930இல் வந்ததா என்பதிலேயே இரண்டு கட்சி உண்டு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. மற்றவர்கள் புராணத்தைப் படமாக்கிக்கொண்டிருந்தபோது இவர் இலங்கைக்குக் கடத்தப்பட்ட ஒரு பையனின் குடும்பக் கதையை எடுத்தார், அதற்காகச் சொத்தை விற்றார். நீங்கள் தேடுகிறீர்களே, அதே வகை. கதாநாயகி பி.கே. ரோஸி தலித் பெண். அவர் நாயர் பெண்ணாகத் திரையில் வந்ததைப் பொறுக்காமல் திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டரில் கல்லெறிந்தார்கள், அவரைத் துரத்தினார்கள். லாரி ஒன்றில் தப்பி நாகர்கோவிலுக்கு வந்து, அந்த லாரி ஓட்டுநரையே மணந்து, நடித்த கதையை வெளியே காட்டாமல் வாழ்ந்தார் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. ரீல் என்ன ஆயிற்று என்று நீங்கள் பார்த்த படத்திலேயே வருகிறது. அந்தக் குடும்பக் கதையை இனி யாரும் பார்க்கப்போவதில்லை.

ஆனால் உங்கள் ஊர்க் கதை ஒன்று தப்பியிருக்கிறது. டேனியலின் உறவினர் சுந்தர்ராஜ் தயாரித்து, பி.வி. ராவ் இயக்கிய ‘மார்த்தாண்ட வர்மா’, 1933. சி.வி. ராமன் பிள்ளையின் நாவல், பத்மநாபபுரம் அரண்மனையும், மார்த்தாண்ட வர்மா ராஜாவாவதை எதிர்த்த தம்பிமாரும் எட்டு வீட்டுப் பிள்ளைமாரும் வருகிற கதை. நாவலின் உரிமை எங்களுடையது என்று ஒரு புத்தக நிறுவனம் வழக்குப் போட்டது, படம் தியேட்டரை விட்டு இறங்கியது, தயாரித்தவர் நொடித்துப் போனார். ஆனால் வழக்கில் சிக்கிய பெட்டியை யாரும் கொளுத்தவும் இல்லை உருக்கவும் இல்லை. பல வருஷம் கழித்து அது புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கோர்ட்டு கேஸால் உருப்பட்ட சமாச்சாரம் நம் பக்கத்தில் அனேகமாக அது ஒன்றுதான். திரைப்பட விழாக்களில் எப்போதாவது போடுகிறார்கள், கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘ஐ வாஸ் பார்ன், பட்’, 1932. புது ஊருக்குக் குடிவந்த இரண்டு அண்ணன் தம்பிகள், அப்பாதான் உலகத்திலேயே பெரிய ஆள் என்று நம்புகிறவர்கள். ஒருநாள் அப்பாவின் முதலாளி வீட்டில் அவர் எடுத்த வீட்டுப் படத்தைப் போட்டுக் காட்டுகிறார்கள், அதில் அப்பா முதலாளியைச் சிரிக்கவைக்கக் கோமாளித்தனம் செய்கிறார். பையன்கள் வீட்டுக்கு வந்து சண்டை, சாப்பாடு வேண்டாம் என்று பட்டினிப் போராட்டம். ‘அவர்தான் சம்பளம் தருகிறார்’ என்கிறார் அப்பா. ‘அப்ப சம்பளம் வாங்காதீங்க’ என்கிறான் பையன். முக்கால்வாசி சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள்.

ஜப்பானில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார், அவர்களுக்கு நடிகர்களைவிட ரசிகர்கள் அதிகம், மௌனப் படம் அங்கே அத்தனை நாள் நீடித்ததற்கு அவர்களும் ஒரு காரணம். நம் கூடாரக் கொட்டகைகளிலும் அப்படி ஆட்கள் இருந்தார்கள். நீங்களும் வகுப்பில் நன்றாகப் பேசுகிற பிள்ளை ஒன்றை முன்னால் நிறுத்தி, ஆங்கில அட்டை வரும்போதெல்லாம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், நம் பேச்சிலேயே. முந்தின நாள் அட்டைகளை மட்டும் அந்தப் பிள்ளைக்கு ஒரு தடவை காட்டிவிடுங்கள். படம் ஒன்றரை மணி நேரம், இரண்டு பீரியடுக்கு மேல் ஆகும், கணக்கு சாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.