ரயில்வே கேட் திறந்திருந்தால் போதுமா? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பள்ளி வேன் ஓட்டுகிறேன். வழியில் உள்ள கேட்டில் கேட் கீப்பர் இருக்கிறார். அது திறந்திருக்கும்போதும் நின்று பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். ஆள் இருக்கும் கேட்டுகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. சிக்னலுடன் இணைக்கப்பட்ட, ‘இன்டர்லாக்’ செய்யப்பட்ட கேட்டில், தடுப்பு முழுவதும் இறங்கிப் பூட்டினால் ஒழிய ரயிலுக்குப் பச்சை விளக்கு விழாது. மனிதர் மறந்தாலும் இயந்திரம் விடாது. இன்டர்லாக் இல்லாத கேட்டிலோ, ரயில் வருவதை நிலைய அதிகாரி தொலைபேசியில் தெரிவிக்க, கேட்டை மூடிவிட்டதாகக் கேட் கீப்பர் ஒரு ரகசிய எண்ணுடன் உறுதி சொல்கிறார். அந்தச் சொல்லை நம்பியே ரயில் அனுப்பப்படுகிறது.

கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 அன்று காலையில், விழுப்புரம்–மயிலாடுதுறை பயணிகள் ரயில் பள்ளி வேன்மீது மோதி மூன்று மாணவர்கள் இறந்த இடம் இந்த இரண்டாம் வகைக் கேட்தான். அதன் பிறகு, ஒரு நாளில் கடக்கும் ரயில்களையும் சாலை வாகன அலகுகளையும் (வண்டிகளை வகைக்கேற்ப மதிப்பிட்டுக் கூட்டிய எண்ணிக்கை) பெருக்கிவரும் எண் 10,000 ஆனாலே இன்டர்லாக் செய்ய வேண்டும் என்று ரயில்வே வரம்பைக் குறைத்தது. முன்பு அது 20,000. கேட்டை மூடுவது ரயில்வேயின் கடமை. அதில் நேர்ந்த தவறை ஓட்டுநரின் தலையில் கட்டுவது நியாயமன்று. ஆயினும், எந்தக் கேட் எந்த வகை என்பது சாலையில் வருபவருக்குத் தெரியாது என்பதால், தடுப்புக்கு முன்பே நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, பாட்டை அணைத்து, இருபுறமும் பார்த்த பிறகே வேனை நகர்த்துங்கள். கேட் அறையும் கருவேல மரங்களும் பார்வையை மறைத்தால், உதவியாளரை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னால் செல்லும் வண்டி மறுபுறம் இடம் விடும்வரை தண்டவாளத்தில் ஏற வேண்டாம்.

கேள்வி: ரயிலே கண்ணில் படாதபோது கேட்டை ஏன் அவ்வளவு நேரம் மூடி வைக்கிறார்கள்?

110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில், அவசர பிரேக் போட்ட பின்பும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஓடித்தான் நிற்கும். ஆகவே, ரயிலை ஓட்டும் லோகோ பைலட் வெகுதொலைவிலேயே பச்சையைக் காண வேண்டும். அதற்கும் முன்பே கேட் பூட்டப்பட வேண்டும். சிக்னல் கொடுத்துவிட்டால், கேட் கீப்பர் நினைத்தாலும் உடனே திறக்க முடியாது என்பதால், அவரிடம் சத்தம் போடுவது வீண். பைக்கைச் சாய்த்துத் தடுப்புக்கு அடியில் நுழைப்பவர்கள் (நம் ஊரில் இது ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது) இரட்டைப் பாதையில், கடந்துபோகும் ரயிலின் மறைவில் எதிர்த்திசையில் வரும் இன்னொன்றைக் கவனிப்பதில்லை. மூடிய கேட்டை அனுமதியின்றித் திறந்தால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 160ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரையிலும், உடைத்தால் ஐந்தாண்டு வரையிலும் சிறை உண்டு.

கேள்வி: ஆளில்லா கேட்டுகள் இன்னும் உள்ளனவா?

அகலப்பாதையில் 2019 ஜனவரி இறுதிக்குள் அனைத்தும் நீக்கப்பட்டன. வேறெங்கேனும் எதிர்ப்பட்டால், ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, உடன் வருபவரை முன்னே நடந்து சென்று பார்க்கச் சொல்ல வேண்டும். யாரும் இல்லையெனில் தாமே இறங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 131ஆவது பிரிவு.

கேள்வி: கரும்பு ஏற்றிய டிராக்டர் தண்டவாளத்திலேயே நின்றுவிட்டால் என்ன செய்வது?

முதலில் ஆட்களை இறக்குங்கள். இழுத்துப் பார்ப்பதும் கயிறு கட்டுவதும் பிறகுதான். அடுத்த நொடியே கேட் கீப்பரிடம் ஓடுங்கள். சிக்னலைச் சிவப்புக்கு மாற்றவும், நிலையத்துக்குச் சொல்லவும், சிவப்புக் கொடியுடனும் தண்டவாளத்தில் வைக்கும் எச்சரிக்கை வெடிகளுடனும் ரயிலை எதிர்கொள்ளவும் அவருக்குப் பயிற்சி உண்டு. அவருக்கு உதவுவதானால், தண்டவாளத்தை விட்டு விலகி, அதன் ஓரமாகவே ரயில் வரும் பக்கத்தை நோக்கிச் செல்லுங்கள். மோதும்போது சிதறுபவை பெரும்பாலும் ரயில் போகும் திசையில்தான் தெறிக்கும். பகலில் இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்துவதும், இரவில் வெள்ளை விளக்கை உடலுக்குக் குறுக்கே வேகமாக ஆட்டுவதும் ‘நில்’ என்பதற்கான சைகைகள். லோகோ பைலட்டுக்கு இவை புரியும். மின்மயமான பாதையில் பாரத்தைக் குறைக்க எவரும் கரும்புக் கட்டின்மேல் ஏறக் கூடாது. மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது, தொடாமல் நெருங்கினாலே அது தாக்கும்.