சிறுகோள் துகளில் வளர்ந்த உயிர்

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் என் பேரன் போனில், "அப்பத்தா, விண்வெளியிலிருந்து கொண்டுவந்த கல்லில் உயிர் வளர்ந்ததாம், ஆராய்ச்சிக்கூடத்திலேயே பார்த்தார்களாம்" என்கிறான். நிஜமா?
- ஒரு வாசகி, கானாடுகாத்தான்

வளர்ந்தது நிஜம், ஆச்சி. ஆனால் அது விண்வெளியிலிருந்து வந்த உயிர் இல்லை.

ரியுகு என்பது சூரியனைச் சுற்றும் ஒரு சிறு பாறை; இப்படிப்பட்டதைச் சிறுகோள் என்பார்கள். அதில் ஜப்பானின் ஹயபுசா 2 விண்கலம் 2019-ல் மண் அள்ளியது. 2020 டிசம்பரில் அந்த மண் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வந்து இறங்கியது. மொத்தமே 5.4 கிராம். பூமிக் காற்று படாமல் நைட்ரஜனுக்குள் வைத்துப் பாதுகாத்தார்கள். அதில் ஒரு துகள், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான், லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போனது. அங்கே அதை ரெசின் என்ற இறுகும் பிசினில் பதித்து, மெருகேற்றி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், மேல்பரப்பில் குச்சியும் இழையுமாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணினார்கள்: 11. பிறகு பார்த்தபோது 147. அப்புறம் 36 ஆகக் குறைந்துவிட்டது.

அந்த அறையில் இருந்தவர்களின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும்! பள்ளியில் உயிரியல் நடத்தியவன் நான். எனக்கு எழுதும்போதே அடிக்கிறது. ஆனாலும் அவர்கள் ஊரைக் கூட்டவில்லை. 'இது நம்ம ஊர் சரக்கா?' என்றுதான் முதலில் கேட்டுக்கொண்டார்கள். பூமி நுண்ணுயிர்தான் என்று 2024-ல் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். உங்கள் வீட்டு எலுமிச்சை ஊறுகாய் ஜாடியில் ஈரக்கரண்டி பட்டுப் பூசணம் பூத்தால், அது எலுமிச்சை மரத்திலிருந்து வந்தது என்றா சொல்வீர்கள்?

கேள்வி: பூமியிலிருந்து ஒட்டியதுதான் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்?
- பிளஸ் டூ மாணவி, புதுவயல்

நல்ல கேள்வி, தம்பிகளும் தங்கைகளும் இப்படித்தான் கேட்க வேண்டும். அந்தத் துகளைக் காற்றில் திறப்பதற்கு முன்பே எக்ஸ்ரே படம் எடுத்திருந்தார்கள். அதில் இழை எதுவும் இல்லை. திறந்து, ரெசினில் பதித்த பிறகுதான் வந்தன. ஏறி இறங்கிய அந்த எண்ணிக்கையும் பூமி பாக்டீரியா பெருகும் வேகத்தோடு பொருந்தியது. பல கோடி வருஷம் கல்லுக்குள் தூங்கிய உயிர் லண்டனுக்கு வந்த பிறகு நம்மூர் பாக்டீரியாவின் கணக்கிலேயே பெருகும் என்பது நம்பும்படி இல்லை.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அந்தத் துகளில் இருந்த கரிமப் பொருளை, அதாவது கார்பன் சேர்ந்த பொருளை, தின்று பூமி நுண்ணுயிர் பிழைத்திருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் நாம் செவ்வாய்க்கு அனுப்பும் கலத்தில் ஒட்டிப்போகிற ஒரு பாக்டீரியா அங்கேயும் குடித்தனம் நடத்தக்கூடும். அப்புறம் அங்கே உயிரைக் கண்டுபிடித்தால் அது யாருடையது? கலங்களை இத்தனை கறாராகக் கிருமி நீக்கி அனுப்புவது இதற்காகத்தான். அந்தச் செலவை வீண் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நம் காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த நிலையம். பொதுமக்களை உள்ளே விடும் நாள் வந்தால் போய், எலக்ட்ரான் நுண்ணோக்கி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டு வா.

கேள்வி: ஒருவேளை நிஜமாகவே வேற்றுலக உயிர் வந்துவிட்டால் ஆபத்து இல்லையா?
- ஒரு வாசகர், தேவகோட்டை

அந்தப் பயம் 1969-லேயே இருந்தது. நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 வீரர்களை 21 நாள் கணக்கு வைத்துத் தனிமைப்படுத்தினார்கள். நிலவு மண்ணை எலிக்கும் காடைக்கும் கரப்பானுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அப்பல்லோ 14-க்குப் பிறகு அந்த ஏற்பாட்டையே விட்டுவிட்டார்கள். செவ்வாய் மண் வரும்போது மறுபடி தொடங்குவார்கள், தொடங்கவும் வேண்டும்.

கேள்வி: செத்தது போலக் கிடந்து உயிர் பெறும் எதையாவது வீட்டிலேயே பார்க்க முடியுமா? மகன் கேட்கிறான்.
- ஒரு தாய், பள்ளத்தூர்

முடியும் அம்மா. மழைக்காலம் முடிந்ததும் உங்கள் வீட்டு வெளிச்சுவரிலோ ஓட்டு விளிம்பிலோ காய்ந்து கருத்துப்போன பாசி இருக்குமே, அதில் ஒரு விரல் அளவு சுரண்டி எடுங்கள். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் அதைப் பிழிந்து, வரும் தண்ணீரில் ஒரு சொட்டைப் பள்ளிக்கூட நுண்ணோக்கியில் 40 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டுக் காலோடு, தூக்கம் கலையாத குழந்தை மாதிரி மெதுவாக நகர்ந்தால் அது நீர்க்கரடி என்ற நுண்ணிய பிராணி. அண்டார்டிகாவில் 1983-ல் எடுத்து உறைய வைத்திருந்த பாசியை 2014-ல் இளக்கியபோது, அதிலிருந்த நீர்க்கரடி எழுந்து முட்டையே இட்டது.

முதல் சொட்டில் கிடைக்காது, பையனிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நாலைந்து சொட்டு பார்க்கட்டும். அதிலும் இல்லையென்றால் வேறு சுவரில் சுரண்டுங்கள்.