இரட்டை இன்ஜினும் ஏமாற்றும் மீட்டரும்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, இரண்டு டீசல் இன்ஜின். இரண்டு மீட்டரும் 2000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) காட்டும்போதும் படகு முழுக்க 'வூம்... வூம்...' என்று ஏறி இறங்கும் சத்தம். ஏன்?

பதில்: இன்ஜின்கள் இரண்டும் கொஞ்சம் வேக வித்தியாசத்தோடு சுற்றுகின்றன தம்பி. மீட்டரை மறந்துவிட்டு அந்தச் சத்தத்தையே கேளுங்கள். ஒரு இன்ஜினின் வேக லிவரை அப்படியே விட்டு மற்றதை மயிரிழை நகர்த்துங்கள், வூம்களுக்கு இடையே நேரம் நீண்டால் சரியான பக்கம் போகிறீர்கள், வேகமாக அடித்தால் எதிர்ப்பக்கம், ஒரே சீராகிவிட்டால் இரண்டும் ஒத்துப்போய்விட்டன. நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் நொடிக்கு ஒரு வூம் என்றால் வித்தியாசம் வெறும் 30 ஆர்பிஎம். முள் மீட்டரில் அது தெரியவே தெரியாது, காது பிடித்துவிடும்.

கேள்வி: காதால் சரிசெய்தபின் ஒன்று 2000, இன்னொன்று 2150 காட்டுகிறது சார். எது பொய்?

பதில்: இரண்டு மீட்டரையும் இடம் மாற்றி மாட்டுங்கள். தவறு மீட்டரோடு போனால் மீட்டர் கோளாறு, இன்ஜினோடு நின்றால் சிக்னல் வரும் வழியில் கோளாறு. ஆல்டர்நேட்டரிலிருந்து (பேட்டரியை சார்ஜ் செய்யும், பெல்ட்டில் ஓடும் ஜெனரேட்டர்) சிக்னல் எடுக்கும் மீட்டர் என்றால் பெல்ட் வழுக்கினாலே குறைத்துக் காட்டும். சமீபத்தில் ஆல்டர்நேட்டர் மாற்றியிருந்தால், மீட்டரை அந்த ஆல்டர்நேட்டருக்கு ஏற்ப அமைக்க அதன் பின்னால் இருக்கும் சின்ன செலக்டரையும் பாருங்கள். முடிவாகத் தெரிய வேண்டுமா, கிராங்க் புல்லியில் ஒளி திருப்பும் டேப் ஒட்டி சுற்று வேகம் அளக்கும் லேசர் டேக்கோமீட்டரால் 1000, 1500, 2000-ல் அளந்து எழுதி வையுங்கள்.

கேள்வி: லைட் போட்டால் எல்லா முள்ளும் ஒன்றாக ஆடுகிறது.

பதில்: எர்த் இணைப்பில் கோளாறு. எல்லா மீட்டரும் ஒரே நேரத்தில் கெடாது. லைட் எரியும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் மீட்டர் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள், ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். அரை வோல்ட் காட்டினால் பச்சை படிந்த இணைப்பு எங்கோ இருக்கிறது.

கேள்வி: புது டீசல் மீட்டர் மாட்டினோம், காலி டேங்கை ஃபுல் என்கிறது!

பதில்: சென்டரும் (sender, டேங்கில் இருந்து அளவை மின்தடையாக அனுப்பும் கருவி) மீட்டரும் ஜோடி இல்லை. அமெரிக்க வகையில் காலி 240 ஓம், ஃபுல் 33. ஐரோப்பிய வகையில் காலி 10, ஃபுல் 180. இரண்டையும் கலந்தால் தலைகீழாகத்தான் காட்டும்.

கேள்வி: இடது இன்ஜின் ஆயில் பிரஷர் முள் திடீரெனப் பூஜ்யம். பழைய மீட்டர்தானே, ஓட்டலாமா?

பதில்: கூடாது. உடனே அந்த இன்ஜினை நிறுத்துங்கள், மற்றதில் கரைக்கு வாருங்கள், இரண்டு இன்ஜின் வைத்திருப்பதே இதற்குத்தான். ஆயில் அளவு பாருங்கள், அப்புறம் ஆயில் பிரஷர் சென்டரைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் (வயர் இல்லாமல் பிரஷரை நேராகக் காட்டும் மீட்டர்) மாட்டி அளந்து பாருங்கள். அதில் பிரஷர் சரியாக இருந்தால்தான் வயரையும் சென்டரையும் சந்தேகிக்கலாம். ஒற்றை வயர் சென்டருக்கு மரை வழியாகத்தான் எர்த், அதில் டெஃப்லான் டேப் சுற்றினாலே எர்த் போய்விடலாம்.