இசைப்பெட்டித் தாளில் துளை விலகுவது பற்றி

வணக்கம். லேசரால் துளையிட்ட தாளை இசைப்பெட்டியில் ஓட்டும்போது பாட்டு பாதி வரை சரியாக வருகிறது, அப்புறம் பக்கத்துச் சுரம் ஒலிக்கிறது, துளை ஓரமும் கருகுகிறது என்று எழுதியிருந்தீர்கள். சுரம் மாறுவதற்கு லேசர் காரணமாக இருக்காது. தாள் கோணலாக நகர்கிறது என்றே நினைக்கிறேன்.

15 சுரப் பெட்டியின் தாள் 41 மில்லிமீட்டர் அகலம். சுரத்துக்குச் சுரம் இடைவெளி 2 மில்லிமீட்டர்தான். துளையில் சிறு சக்கரத்தின் பல் விழுந்து சுழன்றால்தான் சீப்பு போன்ற உலோகத் தகட்டின் நாக்கு மீட்டப்பட்டுச் சுரம் ஒலிக்கும். தாள் 1 மில்லிமீட்டர் ஒதுங்கினாலே பல் தடுமாறும். தாளின் இரு ஓரத்திலும் அலுமினியப் பட்டை வையுங்கள். ஒன்றை இறுக்கி, மற்றதை மெல்லிய ஸ்பிரிங்கால் தாளோடு அணைத்து விடுங்கள். நான் அப்படிச் செய்த அன்றே முழுப் பாட்டும் பிசகாமல் வந்தது, அவ்வளவு சந்தோஷம்! நம்மூர் ஈரப்பதத்தில் தாள் உப்பும். கேமரா வைக்கும் உலர்பெட்டியில் ஓர் இரவு வைத்துவிட்டு வெட்டுங்கள்.

லேசர் இயந்திரத்தை நகர்த்துவது சுற்றுக்கு 200 ஸ்டெப் மோட்டார், பல்லுக்குப் பல் 2 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள பெல்ட், 20 பல் புல்லி என்றால், 16 மைக்ரோஸ்டெப்பில் (ஒரு ஸ்டெப்பை 16 ஆகப் பிரித்தால்) மில்லிமீட்டருக்கு 80 ஸ்டெப் என்று அமைக்க வேண்டும். அதையும் ஒருமுறை பாருங்கள்.

கருகலுக்கு, லேசரின் சக்தியைக் குறைத்து இரண்டு முறை வேகமாக ஓட்டுங்கள்; மீன்தொட்டிப் பம்பால் காற்று ஊதினால் ஓரம் சுத்தமாக வரும்.

பிவிசி தாளை மட்டும் லேசரில் வைக்கவே வேண்டாம், நச்சு வாயு வரும். வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில் பிள்ளைகள் இருந்தால் மூடிய பெட்டிக்குள் ஓட்டுங்கள். கண் பாதுகாப்புக் கண்ணாடி உங்கள் லேசரின் அலைநீளமான 450 நானோமீட்டருக்கு உரியதா என்று பார்த்து வாங்குங்கள்.