ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம்

அன்புள்ள சார்,

‘நோ கன்ட்ரி ஃபார் ஓல்டு மென்’ படத்தைப் போன வாரம்தான் பார்த்தேன். அதில் பெட்ரோல் பங்க் கடையில் நடக்கும் காட்சியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டேன். கொலைகாரன் கடைக்காரரிடம் பேசுகிறான், நாணயத்தைச் சுண்டுகிறான், போய்விடுகிறான். துப்பாக்கி இல்லை, இருட்டு இல்லை, பிஜிஎம்கூட இல்லை. ஆனால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. கொலைகாரனாக வரும் ஹாவியர் பார்டெமின் நடிப்புதான் காரணம், வேறொன்றும் இல்லை என்கிறான் நண்பன். எனக்கு அது போதுமான பதிலாகத் தெரியவில்லை.

கேட்பதற்குக் காரணம் உண்டு. இரவில் மெடிக்கல் ஷாப்புக்கு வரும் ஒருவனைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தேன். லிங்க் அனுப்பியிருக்கிறேன். நிழல், சாய்ந்த கோணம், வயலின் எல்லாம் வைத்தேன். பார்த்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எங்கே தப்பு?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

படத்தைப் பார்த்தேன். நான் சிரிக்கவில்லை. ஆனால் மூன்றாவது நிமிடத்தில் கொட்டாவி விட்டேன், மன்னியுங்கள்.

உங்கள் நண்பர் பாதி சரி. பார்டெம் அந்தப் படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அடுத்த முறை பார்க்கும்போது அவரை விட்டுவிட்டு எதிரில் நிற்கும் கடைக்காரரை மட்டும் பாருங்கள். அந்த நடிகர் ஜீன் ஜோன்ஸ். நம் பயம் முழுவதும் அவர் முகத்தில்தான் உருவாகிறது. முதலில் வியாபாரச் சிரிப்பு. அப்புறம் சிரிப்பு அப்படியே நிற்க, கண் மட்டும் மாறுகிறது. ஏதோ தப்பாகிவிட்டது என்று தெரிகிறது, என்ன என்று தெரியவில்லை.

நமக்குத் தெரியும். இந்த ஆள் ஒரு போலீஸ்காரரைக் கைவிலங்காலேயே நெரித்துக் கொன்றதையும், சாலையில் காரை நிறுத்தி இறைச்சிக்கூடத்தில் மாட்டைக் கொல்லும் கருவியால் ஒருவரை நெற்றியில் சுட்டதையும் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கடைக்குள் வருகிறோம். மேஜைக்கடியில் குண்டு இருப்பதைப் பார்ப்பவருக்கு முன்பே காட்டிவிட வேண்டும் என்று இயக்குநர் ஹிட்ச்காக் சொல்வாரே, அதேதான். இங்கே குண்டு கவுண்டருக்கு முன்னால் நின்று முந்திரிப் பருப்பு தின்கிறது.

ஆனால் இதைக்கூட எல்லோரும் செய்துவிடலாம். இந்தக் காட்சியின் உண்மையான வேலை வேறு இடத்தில் நடக்கிறது. கடைக்காரர் அந்தப் பேச்சை முடிக்கப் பார்க்கிறார், முடியவில்லை. ‘உங்க பக்கம் மழை உண்டா?’ என்று சும்மா கேட்கிறார். எந்தப் பக்கம் என்று இவன் திருப்பிக் கேட்கிறான். வண்டி டல்லாஸ் ஊர் வண்டி என்று பார்த்தேன் என்றால், நான் எங்கிருந்து வந்தால் உனக்கென்ன என்கிறான். வேறு ஏதாவது வேண்டுமா என்றால், தெரியவில்லையே, வேண்டுமா என்கிறான். கடையைச் சாத்த வேண்டும் என்கிறார். எத்தனை மணிக்குச் சாத்துவாய்? இப்போது. ‘இப்போது’ என்பது மணி இல்லையே. பொதுவாக இருட்டும்போது என்கிறார். வெளியே பட்டப்பகல்!

கவனித்தீர்களா, கடையை விட்டு வெளியேற நாம் தினமும் பயன்படுத்துகிற சின்னச் சின்ன வார்த்தைகள் எல்லாம் ஒவ்வொன்றாகச் செல்லாமல் போகின்றன. கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் பேச்சுக்குள் வழி அடைபட்டுவிட்டது. கார்மக் மெக்கார்த்தியின் நாவலிலேயே இந்தக் காட்சி இருக்கிறது. படத்தை எடுத்த கோயன் சகோதரர்கள் வசனத்தில் பெரும்பகுதியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கேமராவும் ஒலியும் செய்வதெல்லாம் இந்த அடைப்புக்கு ஒத்தாசைதான்.

ராஜர் டீக்கின்ஸின் கேமரா எந்த வித்தையும் காட்டுவதில்லை. இந்த முகம், அந்த முகம், நடுவில் கவுண்டர். பேச்சு முற்ற முற்ற முகங்கள் ஃப்ரேமில் பெரிதாகின்றன. கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் சுவரில் கறுப்பு வளையங்கள் தொங்குகின்றன. வண்டிச் சாமான் விற்கும் கடையில் தொங்கக்கூடியவைதான். ஆனால் அவர் தலைக்குப் பின்னால் அவை சுருக்குக் கயிறு மாதிரி இருக்கின்றன. யாரும் அதைச் சுட்டிக் காட்டுவதில்லை. உங்கள் படத்தில் சுவரில் தெரிகிற அரிவாள் நிழலை மூன்று முறை காட்டியிருக்கிறீர்கள்.

அப்புறம் அந்த முந்திரிப் பருப்பு உறை. பருப்பைத் தின்று முடித்ததும் அதைக் கசக்கிக் கவுண்டர் மேல் வைக்கிறான். கேமரா அதற்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கசங்கிய உறை சின்னச் சின்னச் சத்தத்தோடு தானாக விரிகிறது, ஏதோ பூச்சி கால் நீட்டுவது போல. இதில் கதை ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பேரும் பேசாமல் இருக்கிற அந்த சில விநாடிகளில், கையை எடுத்த பிறகும் அவன் பிடி தளர்ந்து விரிந்துகொண்டிருப்பது மாதிரி இருக்கிறது. உறை விரிகிற சத்தம் கேட்க வேண்டுமென்றால் காட்சி எவ்வளவு அமைதியாக இருக்க வேண்டும், பாருங்கள்.

அமைதி என்றேன். பிஜிஎம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது. படம் முழுவதற்கும், கடைசி டைட்டில் உட்பட, 16 நிமிட இசைதான் போட்டிருக்கிறார் கார்ட்டர் பர்வெல். தேய்த்தால் நீளமாக ரீங்கரிக்கிற, பௌத்தர்கள் தியானத்தில் வைத்துக்கொள்கிற உலோக மணிகளைப் பயன்படுத்தினார். இந்தக் கடைக் காட்சியில் ஒலி வடிவமைப்பாளர் ஸ்கிப் லீவ்சேயும் அவரும் சேர்ந்து அந்த ரீங்காரத்தை 60 ஹெர்ட்ஸில், ஃப்ரிட்ஜின் உறுமலோடு ஒட்டிவிட்டார்கள். கடையில் ஃப்ரிட்ஜ் ஓடுகிறது என்று காது நினைத்துக்கொள்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது மூளைக்கு எட்டுவதில்லை, வயிற்றுக்கு எட்டுகிறது. (60 அவர்கள் ஊர் மின்சாரத்தின் கணக்கு. நம் ஊரில் 50. வீட்டு ஃப்ரிட்ஜில் காதை வைத்து ஒத்துப் பார்க்காதீர்கள்.) கரண்ட் போனால்தான் அது இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்ததே நமக்குத் தெரியும் இல்லையா? அந்த வகை இசை.

உங்கள் படத்தில் ஆள் கடைக்குள் கால் வைக்கும் முன்பே வயலின் வந்து, இவன்தான் கொலைகாரன் என்று அறிமுகப்படுத்தி வைக்கிறது. மருந்துக்கடைக்காரர் பார்த்த பார்வையிலேயே பயந்துவிடுகிறார். அதற்குப் பிறகு எனக்கு அங்கே என்ன வேலை?

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் கேட்கப்படும் கேள்விகளை நீங்கள் அப்படியே கொண்டுவந்துவிட்டீர்கள். எத்தனை மணிக்குக் கடை சாத்துவீங்க, வீடு பின்னாலயா, சொந்த ஊர் எது. கதை நடக்கிற மேற்கு டெக்சாஸில் அந்நியன் ஒருவன் எத்தனை மணிக்குத் தூங்குவாய் என்று கேட்டால் அது எல்லை மீறல். நம் ஊரில் மதுரை பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் விருதுநகர் வருவதற்குள் சம்பளம்வரை கேட்டுவிடுவார். அதனால் உங்கள் வில்லன் கேட்கக் கேட்க எனக்கு அவன் மேல் பிரியம்தான் வந்தது. பார்த்தவர்கள் சிரித்ததும் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

நம் கடையில் எது எல்லை? அதைத் தேடுங்கள். ஒன்று தோன்றுகிறது. கடைக்காரர் பேச்சுக்கொடுக்கிறார், ‘யாருக்கு சார் உடம்பு சரியில்லை?’ வந்தவன் பதில் சொல்வதில்லை. சில்லறை இல்லை, நாளைக்கு வாங்கிக்கோங்க என்கிறார். ‘இருக்கட்டும், நிக்கிறேன்’ என்கிறான். நிற்கிறான். இன்னொரு வாடிக்கையாளர் வந்து இருமல் மருந்து வாங்கிப் போகிறார். இவன் அதே இடத்தில் நிற்கிறான். கடைக்காரர் கல்லாவைத் துழாவி, சட்டைப் பையைத் துழாவி, கடைசியில் பத்து ரூபாய் விட்டுப்போனாலும் பரவாயில்லை, ஆள் போனால் போதும் என்று கூடுதலாகவே நீட்டுகிறார். அவன் எண்ணிப் பார்த்து, அதிகமாக இருந்த பத்தைக் கவுண்டரில் வைத்துவிட்டு, கடைக்காரரின் மகள் பெயரைச் சொல்லி டியூஷன் விட்டாச்சா என்று கேட்கட்டும்.

அரிவாள் நிழல் வேண்டாம். மருந்துக்கடையில் நிச்சயம் ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கும், இன்சுலின் வைக்க. படப்பிடிப்பு நடந்த கடைக்கே ராத்திரி போய், ரெக்கார்டரை அதன் பக்கத்தில் வைத்து ஒரு பத்து நிமிடம் பதிவுசெய்துகொண்டு வாருங்கள். வயலினை எடுத்துவிட்டு அதைப் போட்டுப் பார்த்து மறுபடி அனுப்புங்கள்.