பேர் முப்பது இருக்குது, ஆளு வரலீங்களே!

(ஊர் நிகழ்ச்சிகளை வாட்ஸப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் வழியாக நாலு பேருக்குச் சொல்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள். பதில் சொல்பவர் கோபிசெட்டிபாளையத்தில் நோம்பி (ஊர்த் திருவிழா) நோட்டீஸ் அடித்துவந்த அச்சகக்காரர். இப்போது அதே வேலையை ஃபோனில் செய்கிறார்.)

கேள்வி: எங்கள் ஊர்ப் பெண்கள் வள்ளி கும்மி கற்று முடித்து அரங்கேற்றம் வைத்தோம். அழைப்பிதழைப் படம் எடுத்து எல்லா வாட்ஸப் குழுவிலும் போட்டோம். கும்பிடு பொம்மையாக வந்து குவிந்தது. ஆள் வரவில்லை. எங்கே கோளாறு?
– வாசகி, பெருந்துறை

பதில்: அழைப்பிதழையும் சேர்த்து அனுப்பியிருந்தீங்க, பார்த்தேன். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை என்று முப்பது பேருக்கு மேல் இருக்கிறது. தேதியை விரலால் பெரிதாக்கித் தேட வேண்டியிருந்தது. இடம், 'கோயில் திடல்' என்று மட்டும். உங்கள் ஊர்க்காரருக்கு அது போதும். சென்னிமலையில் இருந்து வருகிறவர் எந்தக் கோயில் என்று யாரைக் கேட்பார்?

பேர்களை எடுத்துவிடுங்க என்று நான் சொல்ல மாட்டேன். நோட்டீஸ் அடித்துப் பிழைத்தவன் நான். ஒரு பேர் விட்டுப்போனாலோ, ஒரு வரி கீழே இறங்கினாலோ, நோம்பி முடிந்த பிறகும் முறைப்பு முடியாது. அச்சடித்த அழைப்பிதழ் அப்படியே இருக்கட்டும். வீடு வீடாகப் போய் மரியாதையாகக் கொடுக்க வேண்டியது அது.

ஃபோனுக்குத் தனியாக ஒன்று செய்யுங்க. ஒரே படம், நாலு வரி. என்ன நிகழ்ச்சி, எந்தத் தேதி எந்தக் கிழமை எத்தனை மணிக்கு, எங்கே, விவரம் கேட்க யாரைக் கூப்பிடுவது. கண்ணாடி போடாமல் படிக்கிற அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்கட்டும். பின்னால் மயில், தாமரை, வாணவேடிக்கை எல்லாம் வேண்டாம். அதே விவரத்தைப் படத்துக்குக் கீழே எழுத்தாகவும் அடியுங்க. பின்னால் குழுவில் தேடுகிறவருக்குப் படத்துக்குள் இருக்கும் எழுத்து அகப்படாமல் போகலாம். கூடவே கூகுள் மேப் இடக்குறி.

அப்புறம் பஸ். கும்மி ஆரம்பித்தால் ராத்திரி நேரமாகும். பக்கத்து ஊர்ப் பெண்கள் முதலில் யோசிப்பது, திரும்பிப் போக வண்டி இருக்குமா என்பதைத்தான். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அது போய்விட்டால் வேன் ஏற்பாடு உண்டா, சாப்பாடு உண்டா? இந்த மூன்றையும் எழுதிப் பாருங்க. வாழ்த்துரை வழங்குபவரின் பட்டத்தைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

இன்னொன்று. ஆடுகிற பெண்கள் ஆளுக்கு அரை நிமிஷம் ஒத்திகை வீடியோவைத் தங்கள் ஸ்டேட்டஸில் வைக்கட்டும். வழக்கமான அமைப்பில், நம் எண்ணை அவரும் அவர் எண்ணை நாமும் சேமித்திருந்தால்தான் ஸ்டேட்டஸ் தெரியும். அதனால் அதைப் பார்ப்பது அம்மாயி வீடு, மாமன் வீடு, கூடப் படித்தவர்கள். உங்களுக்கு வேண்டிய கூட்டமே அதுதானே? 24 மணி நேரத்தில் அது மறைந்துவிடும் என்பதால், நிகழ்ச்சிக்கு முந்தின நாளும் அன்று காலையும் மறுபடி வைக்கச் சொல்லுங்க.

நீங்கள் வைத்த தேதி வைகாசி முகூர்த்த நாள். அன்றைக்கு ஊரே கல்யாண மண்டபத்தில் இருந்திருக்கும். அதற்கு எந்த வாட்ஸப்பும் ஒன்றும் செய்ய முடியாது. ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், சனி ஞாயிறு தாராளமாகக் கிடைக்கும். ஆடிப் பதினெட்டை மட்டும் விட்டுவிடுங்க, சனம் பவானி கூடுதுறைக்குப் போய்விடும்.

கேள்வி: இலவசக் கண் முகாம் நடத்தி முடித்து மாதங்கள் ஆகின்றன. 'வரும் ஞாயிறு முகாம்' என்று அந்தச் செய்தி இன்னும் சுற்றுகிறது. தாராபுரம் பக்கமிருந்தெல்லாம் வயதானவர்கள் வந்து ஏமாந்து போகிறார்கள்.
– வாசகர், காங்கேயம்

பதில்: 'வரும் ஞாயிறு' என்று எழுதினால் அந்த ஞாயிறு வந்துகொண்டேதான் இருக்கும். தேதி, மாதம், வருஷம், கிழமை நாலும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். ஃபார்வர்டு ஆகும்போது கீழே அடித்த எழுத்து கழன்றுவிடுவது உண்டு, படம் மட்டும் ஊர் ஊராகப் போகும்.

ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப முடியாது என்று இந்தியாவில் 2018ல் வாட்ஸப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பல கை மாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஓரிடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று 2020ல் இன்னும் இறுக்கியது. வேகம் குறையும், நிற்காது. நீங்கள் உங்கள் செய்தியை அழித்தாலும் அடுத்தவர் அனுப்பிய பிரதி அழியாது. எனவே அதே படத்தில், அதே நிறத்தில், குறுக்கே சிவப்பாக 'முகாம் முடிந்தது' என்று போட்டு, முதலில் அனுப்பிய குழுக்களுக்கே அனுப்புங்க. படத்தில் உள்ள எண்ணுக்கு இன்னும் அழைப்பு வரும். எடுத்துப் பேசுகிறவர் சலித்துக்கொள்ளாமல், அரசு மருத்துவமனையில் கண் பிரிவுக்குப் போகச் சொல்லட்டும்.

கேள்வி: எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்துக்கு ஃபேஸ்புக்கில் நூற்றுக்கணக்கில் லைக் விழுகிறது. வருவது விரல் விட்டு எண்ணும் அளவுதான்.
– வாசகர், சத்தியமங்கலம்

பதில்: லைக் போட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தீங்களா? பெங்களூரு, சென்னை, துபாய் என்று இருக்கும். ஊர்ப் பேரைப் பார்த்த சந்தோஷத்தில் அமுக்குகிறார்கள். நல்லதுதான், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நாற்காலி போட அந்தக் கணக்கை நம்பாதீங்க.

வாட்ஸப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். குழு போல இல்லாமல் ஆளுக்குத் தனியாகப் போய்ச் சேரும், குட்மார்னிங் தொல்லையும் இல்லை. ஆனால் உங்கள் எண்ணைத் தன் ஃபோனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் போகும். அதனால் இந்த மாதம் வந்தவர்களை, கிளம்பும் முன் அங்கேயே உங்கள் எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்க. கூட்டத்தன்று காலையில் ஒரு வரி அனுப்பினால் போதும்.

கேள்வி: நோம்பியை யூடியூபில் நேரலையாகக் காட்ட ஆசை. ஃபோனே போதுமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: போதும், ஆனால் ஃபோனில் இருந்து லைவ் போடச் சேனலுக்குக் குறைந்தது 50 சந்தாதாரர் வேண்டும். முதல் தடவை அந்த வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகும், சாமி புறப்படும் நேரத்தில் போய் உட்காராதீங்க. கூட்டம் சேர்ந்தால் டவரும் திணறும். பக்கத்து வீட்டு வைஃபையைக் கேட்டு வையுங்க. பின்னால் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடினால் காப்புரிமை என்று லைவையே நிறுத்திவிட வாய்ப்புண்டு. மைக்செட்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்க.

கேள்வி: என் மகள் கும்மி ஆடியதை யாரோ எடுத்து, பாட்டை மாற்றி ரீல்ஸ் போட்டிருக்கிறார்கள். கீழே அசிங்கமான கமெண்ட். இனி ஆடவே வேண்டாம் என்கிறார் என் மாமனார்.
– பெயர் வேண்டாம், கோபி

பதில்: பாப்பா ஆடட்டுங்க. அவள் என்ன தப்பு செய்தாள்?

முதலில் அந்த வீடியோவின் லிங்கையும் கமெண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க. பிறகு இன்ஸ்டாகிராமிலேயே புகார் கொடுங்க. வீட்டில் இன்னும் நாலு பேரைக் கொடுக்கச் சொல்லுங்க. எடுக்கவில்லை என்றால் மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதியலாம், பெண்கள் குழந்தைகள் விஷயத்துக்கு அங்கே தனிப் பிரிவே இருக்கிறது.

விழாக் கமிட்டிக்காரர்களுக்கும் சொல்கிறேன். அரங்கேற்றத்துக்கு முன்பே பெற்றோரிடம் வீடியோ போடலாமா என்று கேளுங்க. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்க, முகம் சுளிக்காதீங்க. ஒரு பெண்ணின் முகத்தையே துரத்துவதை விட்டு வட்டம் முழுதும் தெரிகிற மாதிரி எடுங்க. கும்மிக்கு அழகும் அதுதான். பேர், படிக்கும் பள்ளிக்கூடம், வீதி எதையும் எழுத வேண்டாம். கமெண்டை மூடி வைக்கலாம். ரீல்ஸைப் பிறர் பதிவிறக்கம் செய்யாதபடி தடுக்கவும் வழி இருக்கிறது.

கேள்வி: ஃபேஸ்புக்கில் காசு கட்டி விளம்பரம் செய்யலாமா?
– வாசகர், அன்னூர்

பதில்: செய்யலாம். அன்னூரைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று குறித்து, அந்த வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டச் சொல்லலாம். கண்காட்சி, புத்தகச் சந்தை போலப் புது ஆட்கள் வேண்டிய இடத்துக்கு அது சரி. உங்கள் ஊர்க் குளம் தூர்வார ஆள் சேர்க்க அது எதற்கு? அந்தக் காசில் ஆட்டோவில் மைக் கட்டி ரெண்டு சுற்று விடுங்க, போலீஸ் அனுமதி மட்டும் முதலில் வாங்கிக்கோங்க.